ஆர்டர் வராத வருஷங்களோட விலை

பிரிட்டன்ல ஒரு போர்க்கப்பல் ப்ராஜெக்ட் லேட்டாச்சு, பட்ஜெட் எகிறிடுச்சுன்னா பேப்பர்ல உடனே ரெண்டு பேருக்குத்தான் திட்டு விழும், ஒண்ணு அவங்க பாதுகாப்பு அமைச்சகம், இன்னொண்ணு கப்பலும் போர் விமானமும் கட்டுற கம்பெனி பி.ஏ.இ. சிஸ்டம்ஸ். திட்டுறதுல நியாயம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா பல வருஷமா இதை விடாம படிச்சுட்டு வர்றதுல எனக்கு ஒரு விஷயம் உறுதியாயிடுச்சு. அங்க பெரிய பணம் கரையுறது ஒரு கப்பல் முடிஞ்சு அடுத்த கப்பல் ஆரம்பிக்கிற வரைக்கும் கப்பல் கட்டுற யார்டு சும்மா கிடக்குற அந்த நேரத்துலதான். அந்த நேரத்தைக் காசு மிச்சம்னு கணக்கெழுதிட்டாங்க, அதோட பில்லு பத்து வருஷம் கழிச்சு வருது.

நான் தொழில்ல வெல்டிங் இன்ஸ்பெக்டர். ப்ரஷர் வெசல், பைப்பிங்னு என் வேலை வேற பக்கம், கப்பல் இல்ல. ஆனா எங்க லைன்ல ஒரு ரூல் உண்டு. ஒரு வெல்டர் எந்த ப்ராசஸ்ல டெஸ்ட் பாஸ் பண்ணியிருக்காரோ, அந்த ப்ராசஸ்ல ஆறு மாசம் வேலையே செய்யலைன்னா க்வாலிஃபிகேஷன் போயிடும், திரும்ப டெஸ்ட் பீஸ் போட்டு, அதை சோதிச்சு, பாஸானாத்தான் ஜாப்ல கை வைக்க விடுவோம். எவ்வளவு பெரிய சீனியரா இருந்தாலும் அதேதான். ஒரு ஷாப்ல ஆர்டர் வறண்டா முதல்ல கிளம்புறது நல்ல கைக்காரங்கதான், ஏன்னா வெளியில டிமாண்ட் இருக்குறது அவங்களுக்குத்தான், கல்ஃபுக்குப் போயிடுவாங்க. அப்புறம் பெரிய ஆர்டர் வந்து நிக்கும்போது உள்ள இருக்குறது புதுப் பசங்க. ரிப்பேர் ரேட் ஏறும், ஒரே ஜாயின்ட்டை கிரைண்ட் பண்ணி எடுத்துட்டு மறுபடி மறுபடி போட்டுட்டு இருப்பாங்க, ஷெட்யூல் தன்னால தள்ளிப் போகும். இதைக் கிட்ட இருந்து பாத்தவங்களுக்கு பாரோவுல என்ன நடந்துச்சுன்னு விளக்கவே வேண்டாம்.

பாரோ-இன்-ஃபர்னஸ் இங்கிலாந்தோட வடமேற்குல கடலோரம் ஒதுங்கிக் கிடக்குற ஊர். நம்ம ஐ.என்.எஸ். விராட் அங்க கட்டினதுதான். எச்.எம்.எஸ். ஹெர்மீஸ்ங்கிற பேர்ல 1959-ல சேவைக்கு வந்து, 1982 ஃபாக்லாந்து போர்ல பிரிட்டிஷ் படையோட தலைமைக் கப்பலா இருந்து, அப்புறம் 1987-ல நம்ம கடற்படைக்கு வந்து 2017 வரைக்கும் ஓடுச்சு. இன்னைக்கு பிரிட்டனோட அணு நீர்மூழ்கிக் கப்பல் எல்லாமே அந்த ஒரே ஊர்லதான் கட்டுறாங்க. 1990-கள்ல அங்க வான்கார்டு கிளாஸ் நாலு நீர்மூழ்கியும் ஒண்ணொண்ணா முடிஞ்சு வெளிய போக, பனிப்போரும் முடிஞ்சிருந்ததால அடுத்தது என்னன்னு முடிவெடுக்காமலே வருஷங்களை ஓட்டிட்டாங்க. அடுத்த நீர்மூழ்கி வரிசையான அஸ்ட்யூட் கிளாஸுக்கு ஆர்டர் 1997-ல வந்துச்சு. அந்த இடைவெளியில 13,000 பேர் வரைக்கும் வேலை பாத்த யார்டு ஏறக்குறைய 3,000 பேருக்கு வந்து நின்னுச்சு. போனவங்கள்ல வெல்டர், பைப் ஃபிட்டர் மட்டும் இல்ல, டிராயிங் போடுறவங்க, அணு உலை பாதுகாப்புக் கணக்கு பாக்குறவங்க, எந்த வேலைக்கு அப்புறம் எந்த வேலைன்னு மனசுலயே வரிசை வச்சிருந்த ஃபோர்மேன்கள், எல்லாரும் போயிட்டாங்க.

அதுக்கப்புறம் நடந்தது கொடுமை. புதுசா 3டி கம்ப்யூட்டர் டிசைன்ல நீர்மூழ்கி வரையுறோம்னு இறங்கினாங்க, அதை அந்த அளவுக்குப் பயன்படுத்தின அனுபவம் யாருக்கும் இல்ல, டிராயிங் லேட், அதனால ஸ்டீல் லேட், அதனால எல்லாமே லேட். கடைசியில அமெரிக்காவுல கனெக்டிகட்ல இருக்குற எலக்ட்ரிக் போட் யார்டுல இருந்து ஆள் கூப்பிட்டு வந்து கத்துக்க வேண்டியதாச்சு. அவங்க கத்துக்குடுத்ததுல ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீர்மூழ்கியோட உடம்பு பெரிய பெரிய வளையங்களா வரும் இல்லையா, அந்த வளையத்தைக் கப்பல் கிடக்குற வாக்குலயே படுக்க வச்சு உள்ள வேலை பாத்தா ஆள் தலைக்கு மேல கைய நீட்டிட்டு, குனிஞ்சு, மல்லாந்துன்னு எல்லா போஸிஷன்லயும் வெல்டிங் போடணும். அதையே டிரம் மாதிரி நிமித்தி நிறுத்திட்டா உள்சுவர்ல வர்ற பைப், கேபிள், பிராக்கெட் வேலையெல்லாம் தரையில நின்னு செய்யுற மாதிரி ஆயிடும், மேல இருந்து கிரேன்ல சாமானை நேரா இறக்கலாம். வெல்டிங்ல போஸிஷன்தான் பாதி தரம், கீழ பாத்துப் போடுற ஜாயின்ட்டும் தலைக்கு மேல போடுற ஜாயின்ட்டும் ஒண்ணு இல்ல. எச்.எம்.எஸ். அஸ்ட்யூட் 2007-ல தண்ணியில இறங்கி 2010-லதான் சேவைக்கு வந்துச்சு, முதல் மூணு கப்பலோட செலவு 100 கோடி பவுண்டுக்கு மேல எகிறிப் போச்சு. ஆர்டரைத் தள்ளிப்போட்டு மிச்சம் பிடிச்சது எவ்வளவு, அதைவிட எத்தனை மடங்கு இங்க போச்சுன்னு யாராவது ஒரே பக்கத்துல எழுதி வச்சிருந்தா நல்லா இருக்கும்.

சரி, பாரோவுல பட்டாச்சு, கத்துக்கிட்டாங்களான்னா, இல்ல. அடுத்த உதாரணம் ரெண்டு விமானந்தாங்கிக் கப்பல், குயின் எலிசபெத்தும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும். 65,000 டன், பிரிட்டன் கட்டினதுலயே பெருசு. கோவன், போர்ட்ஸ்மத், ஆப்பிள்டோர், பர்க்கன்ஹெட், டைன் நதிக்கரை, ரோஸைத்னு ஆறு இடத்துல துண்டு துண்டா கட்டி, பார்ஜ்ல ஏத்தி கடல் வழியா ரோஸைத்துக்குக் கொண்டு வந்து சேர்த்தாங்க, அதுக்குன்னே 1,000 டன் தூக்குற கோலியாத் கிரேனை சைனாவுல இருந்து வாங்கி நிறுத்தினாங்க. வேலையைப் பாத்தா கை எடுத்துக் கும்பிடலாம். முடிவெடுத்தவங்களை அப்படிச் சொல்ல முடியல. 2007-ல கிரீன் சிக்னல் குடுத்து, 2008 டிசம்பர்ல, அதாவது வேலை ஆரம்பிக்கிற நேரத்துல, அந்தந்த வருஷ பட்ஜெட்டுக்குள்ள அடக்கணும்னு ப்ராஜெக்ட்டை ஒண்ணு ரெண்டு வருஷம் மெதுவாக்கச் சொன்னாங்க. அந்த ஒரே ஒரு முடிவால மொத்தச் செலவுல சுமார் 160 கோடி பவுண்டு ஏறுச்சுன்னு பின்னாடி நாடாளுமன்றத்துல கணக்கு வந்துச்சு. கப்பல்ல ஒரு போல்ட் கூட அதிகமா சேரல, அதே கப்பல்தான். ஆளுங்களுக்குச் சம்பளம் ஓடும், யார்டு வாடகை ஓடும், விலைவாசி ஏறும், வேலை மட்டும் மெதுவா.

அதோட விடல. 2010-ல புது அரசாங்கம் வந்து, கப்பல்ல செங்குத்தா இறங்குற எஃப்-35பி ஃபைட்டர் ஜெட் வேண்டாம், கேட்டபுல்ட்னு கவண் மாதிரி உந்தி விடுற மெஷின் வச்சு ஏவுற எஃப்-35சி வேணும்னு மாத்துச்சு. மாத்துறதுக்கான செலவு ஒரு கப்பலுக்கே 200 கோடி பவுண்டுன்னு தெரிஞ்சதும் 2012 மே மாசம் திரும்ப பழையபடி எஃப்-35பிக்கே வந்துட்டாங்க. போய்ட்டு வந்ததுல 7 கோடி பவுண்டுக்கு மேல தண்டம். ரெண்டு கப்பலும் சேத்து கடைசி விலை சுமார் 620 கோடி. திட்டத்துக்கு ஒப்புதல் குடுத்தப்போ 400 கோடிக்குக் கீழ சொல்லியிருந்தாங்க.

டைப் 45 டெஸ்ட்ராயர் கதை இதுக்குத் தம்பி. 12 வேணும்னு ஆரம்பிச்சு, 8 ஆகி, 6-ல முடிஞ்சுது. எண்ணிக்கையைக் குறைச்சா செலவு பாதியாகும்னு நினைக்கிறது தப்பு. டிசைன் செலவு, ராடார், ஏவுகணை டெவலப்மென்ட் எல்லாம் 12 கப்பலுக்கும் அதேதான், 6 கப்பலுக்கும் அதேதான், அதனால ஒவ்வொண்ணும் சுமாரா 100 கோடி பவுண்டுல வந்து நின்னுச்சு. அதுல போட்ட டபிள்யூ.ஆர்.-21 கேஸ் டர்பைன் புது மாதிரி, எரிபொருள் மிச்சம் பிடிக்கிறதுக்கு இன்டர்கூலர், ரெக்யூப்பரேட்டர்னு ரெண்டு பாகம் சேர்த்தது. வளைகுடா மாதிரி சுடுதண்ணிக் கடல்ல அது தடுமாறி, டர்பைன் நின்னு, மீதி இருக்குற டீசல் ஜெனரேட்டர் ரெண்டும் லோடு தாங்காம, கப்பல் முழுக்க கரண்ட் போயிடும். நடுக்கடல்ல போர்க்கப்பல் இருட்டுல நிக்கிறதை நினைச்சுப் பாருங்க. இப்போ பர்க்கன்ஹெட்ல கேமல் லேயர்டு யார்டுல கப்பலோட பக்கவாட்டை வெட்டித் திறந்து ரெண்டு ஜெனரேட்டரை எடுத்துட்டு பெருசா மூணு வைக்கிறாங்க. முதல் கப்பலான எச்.எம்.எஸ். டேரிங் 2017-ல கரைக்கு வந்தது, பல வருஷம் கடலுக்கே போகல. ஆனா ஒண்ணு நேர்மையா சொல்லணும், கப்பல் வேலை செஞ்சா சூப்பரா செய்யுது. 2023 டிசம்பர்ல செங்கடல்ல எச்.எம்.எஸ். டயமண்ட் ட்ரோனை சுட்டு வீழ்த்துச்சு, 1991 வளைகுடா போருக்கு அப்புறம் ராயல் நேவி வானத்துல ஒரு இலக்கை நிஜமா அடிச்சது அதுதான் முதல் தடவை. 12 கட்டியிருந்தா அந்த நேரத்துல இன்னும் எத்தனை கப்பல் அங்க நின்னிருக்கும்.

விமானத்துல இதைவிட மோசமா ஒண்ணு நடந்திருக்கு, நிம்ராட் எம்.ஆர்.ஏ.4. கடல்ல நீர்மூழ்கி தேடுற விமானம். 1960-கள்ல கட்டின பழைய நிம்ராட் உடம்பை எடுத்து, அதுல புது றெக்கை, புது இன்ஜின் மாட்டலாம், புதுசா கட்டுறதைவிட சீப்னு ஐடியா. பழைய விமானங்கள் கையால கட்டினது, ஒண்ணோட அளவு இன்னொண்ணுக்கு வராது. புது றெக்கை கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணி துல்லியமா செஞ்சது. கொண்டு வந்து வச்சா சேரல, ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியா சரிபண்ண வேண்டி வந்துச்சு. ஃபிட்-அப், அதாவது ரெண்டு பாகம் பொருந்தி உக்காருறது, சரியில்லாத ஜாயின்ட்டை என்ன பண்ணினாலும் சரியா வராதுங்கிறது எங்க ஷாப்ல சேர்ற முதல் வாரத்துப் பாடம். 21 விமானம்னு ஆரம்பிச்சு 9-க்கு வந்து, 340 கோடி பவுண்டு செலவாகி, ஒன்பது வருஷம் லேட்டாகி, 2010-ல மொத்தமா ரத்து. 2011 ஜனவரியில வுட்ஃபோர்டுல கிட்டத்தட்ட முடிஞ்ச விமானங்களை மெஷின் வச்சு உடைச்சாங்க. அந்த ஏரோட்ரோமும் மூடிட்டாங்க. அப்புறம் நீர்மூழ்கி தேட போயிங்கிட்ட இருந்து 9 பி-8 வாங்கினாங்க.

யார்டு சும்மா இருந்தா என்ன செலவுன்னு அரசாங்கத்துக்கே தெரியும்ங்கிறதுக்கு ஒரு ஆதாரம் இருக்கு. 2009-ல பி.ஏ.இ.யோட ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, 15 வருஷத்துக்கு வருஷம் 23 கோடி பவுண்டு வேலை குடுக்குறோம், குடுக்கலைன்னா ஈடு கட்டுறோம்னு. விமானந்தாங்கி வேலை முடியுற நேரத்துல அடுத்து கட்ட வேண்டிய போர்க்கப்பலான டைப் 26 ஃப்ரிகேட்டோட டிசைன் ரெடியாகல. ஆளுங்களை சும்மா உக்கார வச்சாலும் காசு குடுக்கணும், அதனால 2014-ல 34.8 கோடி பவுண்டுக்கு மூணு ரோந்துக் கப்பல் ஆர்டர் பண்ணினாங்க. அதுல முதல் கப்பல் எச்.எம்.எஸ். ஃபோர்த். 2018-ல நேவி கையில வந்தப்புறம் செக் பண்ணினா சில போல்ட்டோட தலை உடைஞ்சு, அதைப் பசை போட்டு ஒட்டி வச்சிருந்தது தெரிஞ்சுது. ஒரு இன்ஸ்பெக்டரா அதைப் படிச்சப்போ எனக்கு அன்னைக்கு சோறு இறங்கல. உடைஞ்ச போல்ட்டை எடுத்துட்டு புதுசு போட எவ்வளவு நேரம் ஆகும்? ட்ரில் போட்டு மிச்சத்தை எடுத்து, ட்ரெட் சரிபாத்து, அரை மணி ஒரு மணி நேரம். அதை ஒருத்தர் மறைச்சார்னா சூப்பர்வைசர் பாக்கல, இன்ஸ்பெக்ஷன் பாக்கல, வேலை மேல இருக்குற பிடிப்பு எங்கேயோ விட்டுப் போயிருக்கு. இதைக் கட்டின கிளாஸ்கோவோட அதே ரெண்டு யார்டுதான், கோவனும் ஸ்காட்ஸ்டவுனும், இதுக்கு முன்னாடி அவ்வளவு பெரிய கப்பலுக்குத் துண்டு கட்டி அனுப்பினது.

இதே காலத்துலதான் போர்ட்ஸ்மத்ல கப்பல் கட்டுறதையே நிறுத்தினாங்க. 1495-ல ஏழாம் ஹென்றி காலத்துல உலர்துறை கட்டின ஊர். 2013 நவம்பர்ல அறிவிப்பு, அங்க மட்டும் 940 வேலை போச்சு. ஸ்காட்லாந்துல சுதந்திர வாக்கெடுப்பு வர்ற நேரம், அதனாலதான் ஸ்காட்லாந்துல இருக்குற க்ளைட் யார்டை வச்சுக்கிட்டு இங்கிலாந்துல இருக்குற இதை மூடினாங்கன்னு அந்த ஊர்க்காரங்க இன்னைக்கும் சொல்வாங்க. அரசாங்கம் இல்லன்னுச்சு.

வேலை விஷயமா கிளாஸ்கோ பக்கம் இருந்தப்போ பிரேஹெட் ஷாப்பிங் சென்டருக்குப் பின்னாடி ஆத்தோரம் நடக்கப் போவேன். எதிர்க்கரையில ஸ்காட்ஸ்டவுன் யார்டு, எச்.எம்.எஸ். கிளாஸ்கோ கட்டிக்கிட்டு நிக்கும். முதல் டைப் 26. சுத்தி சாரம், மேல பிளாஸ்டிக் ஷீட்டு, கீழ க்ளைட் ஆறு நம்ம வாய்க்கால் அகலத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். இவ்வளவு பெரிய கப்பலை இந்த ஆத்துல எப்படி இறக்கினாங்கன்னு தோணும். கோவன்ல இருந்து உருட்டி பார்ஜ்ல ஏத்தி, லாக் லாங்னு ஆழமான கடல் ஏரிக்குக் கொண்டு போய், அங்க பார்ஜை மூழ்கடிச்சு கப்பலை மிதக்க விட்டு, இழுத்துட்டு வந்து இங்க நிறுத்தினாங்க, 2022 டிசம்பர்ல. முதல் ஸ்டீல் வெட்டினது 2017 ஜூலை. சேவைக்கு வர்றது 2028-ன்னு சொல்றாங்க. இதுல பல வருஷம் தொழில்நுட்பக் கஷ்டத்தால போனது இல்ல, வருஷத்துக்கு இவ்வளவுதான் காசுன்னு பில்டு வேகத்தையே குறைச்சு வச்சதால போனது. அதுக்குள்ள பழைய டைப் 23 ஃப்ரிகேட்டுகள், 18 வருஷ ஆயுசுன்னு டிசைன் பண்ணினது, 30 வருஷத்தைத் தாண்டி ஓடி, ரிப்பேருக்குத் திறந்து பாத்தா உள்ள துரு பிடிச்சு, 13-ல இருந்து கிட்டத்தட்ட பாதியாயிடுச்சு.

டைப் 26 முதல்ல 13 கட்டுறதா இருந்துச்சு. 2015-ல 8 ஆக்கிட்டாங்க, மீதி அஞ்சுக்குப் பதிலா விலை குறைஞ்ச டைப் 31, ஒண்ணு 25 கோடி பவுண்டுன்னு கணக்கு, ரோஸைத்ல பாப்காக்ங்கிற கம்பெனி கட்டுது. 2025 ஆகஸ்ட் 31-ல நார்வே 1,000 கோடி பவுண்டுக்குக் குறைஞ்சது அஞ்சு டைப் 26 வாங்கிக்கிறேன்னு சொல்லுச்சு, பிரிட்டன் வரலாற்றுலயே பெரிய போர்க்கப்பல் ஏற்றுமதி. 8-ம் 5-ம் 13. தன் நேவிக்கு வேண்டாம்னு வெட்டின அதே எண்ணிக்கை, இப்போ அஞ்சுல நார்வே கொடி பறக்கும். நார்வேயும் பிரிட்டனும் தேடுறது ஒரே ரஷ்ய நீர்மூழ்கிகளை, ஒரே வட அட்லாண்டிக்ல, அதனால ஒண்ணா ரோந்து போகலாம், ஸ்பேர் பார்ட்ஸ் பகிர்ந்துக்கலாம், நல்ல டீல்னுதான் நான் சொல்வேன். ஆனா நார்வேக்கு சீக்கிரம் வேணும், அதனால ராயல் நேவிக்குன்னு கட்டிட்டு இருந்த கப்பல்கள்ல சிலதை அவங்களுக்குத் திருப்பி விடணும். சொந்த நேவி இன்னும் காத்திருக்கும். 13-ஐயும் 2017-லயே ஒழுங்கான வேகத்துல ஆரம்பிச்சிருந்தா நார்வேக்கு இடமும் இருந்திருக்கும், நேவிக்குக் கப்பலும் இருந்திருக்கும்.

ஃபைட்டர் ஜெட் பக்கம் இதே பிரச்சனை இன்னும் கூர்மையா இருக்கு. டைஃபூன்ங்கிற ஃபைட்டர் பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் நாலு நாடும் சேந்து செய்யுறது. பாகங்களைப் பங்கு போட்டுப்பாங்க, ஆனா கடைசி அசெம்பிளி ஒவ்வொரு நாட்டுலயும் தனி லைன், பிரிட்டனுக்கு லங்காஷர்ல வார்ட்டன். ஜெர்மனி புதுசா ஆர்டர் பண்ணினா அதே லங்காஷர்ல சாம்ஸ்பெரியில முன்பக்க உடம்பு செய்யுறவங்களுக்கு வேலை வரும், வார்ட்டன்ல அசெம்பிளி பண்றவங்களுக்கு வராது. பிரிட்டிஷ் விமானப்படையான ஆர்.ஏ.எஃப்.க்குக் கடைசி டைஃபூன் 2019-ல டெலிவரி ஆயிடுச்சு, அதுக்கப்புறம் அவங்க ஒண்ணு கூட கேக்கல. கத்தார் 2017-ல கேட்ட 24 விமானந்தான் லைனை ஓட்டுச்சு, அதுவும் முடியுற நிலைமைக்கு வந்து, 2025-ல யூனைட் தொழிற்சங்கம் அசெம்பிளி நின்னுடுச்சுன்னு குரல் குடுத்துச்சு. அதே வருஷம் ஜூன்ல பிரிட்டன் அரசாங்கம் 12 எஃப்-35ஏ வாங்குறோம்னு அறிவிச்சுது, அது அமெரிக்க விமானம்.

அதே 2025 அக்டோபர் 27-ல பிரிட்டிஷ் பிரதமர் ஸ்டார்மர் துருக்கித் தலைநகர் அங்காரா போய் அந்த நாட்டு அதிபர் எர்டோகனோட 20 டைஃபூனுக்குக் கையெழுத்து போட்டார், 800 கோடி பவுண்டு, முதல் டெலிவரி 2030. வார்ட்டன் மூச்சு விட்டுச்சு. அந்த நேரத்துல இஸ்தான்புல் மேயர் இமாமொக்லு மார்ச்ல இருந்து ஜெயில்ல இருக்கார், எர்டோகனோட முக்கியமான போட்டியாளர் அவர்தான். இதைப் பத்தி கேள்வி வந்தா எந்தப் பிரிட்டிஷ் பிரதமரும் வாயைத் திறந்து பேச முடியாத இடத்துல நிக்கிறார், ஏன்னா ஒரு ஊரோட அசெம்பிளி லைன் அந்தக் கையெழுத்துல தொங்குது.

சவுதி விஷயத்துல இதைவிட அதிகமா பாத்தாச்சு. 1985-ல ஆரம்பிச்ச அல்-யமாமா டீல், டொர்னேடோ 72, ஹாக் 30, அதோட பல வருஷ சர்வீஸ், பிரிட்டனோட மிகப்பெரிய ஆயுத ஏற்றுமதி. அதுல லஞ்சம் போச்சான்னு தீவிர மோசடி விசாரணை அலுவலகம் தோண்டிட்டு இருந்தப்போ, 2006 டிசம்பர்ல தேசப் பாதுகாப்புன்னு காரணம் சொல்லி விசாரணையை நிறுத்தினாங்க, அப்போ பிரதமரா இருந்த பிளேர் அதை ஆதரிச்சுப் பேசினார். அடுத்த வருஷம் 72 டைஃபூன் ஆர்டர் வந்துச்சு. 2015-ல இருந்து அந்த விமானங்கள் ஏமன்ல குண்டு போட்டுச்சு. 2019 ஜூன்ல லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், அங்க மனிதாபிமானச் சட்டம் மீறப்பட்டுச்சான்னு மதிப்பிடாமலே லைசன்ஸ் குடுத்தது சட்டவிரோதம்னு தீர்ப்பு சொல்லுச்சு. மறு வருஷம் ஜூலையில லைசன்ஸ் திரும்ப ஆரம்பிச்சாச்சு. வார்ட்டன்ல வேலை பாக்குற தொழிலாளி மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, நானும் அதே மாதிரி ஷாப் ஃப்ளோர்ல நின்னவன்தான். கோபம் எல்லாம், தன் நாட்டுக்குத் தேவையான விமானத்தை ஒழுங்கா வருஷா வருஷம் வாங்காம, அந்தத் தொழிலாளியோட சம்பளத்தை ரியாத்கிட்டயும் அங்காராகிட்டயும் விட்டுட்ட அரசாங்கங்கள் மேலதான், ரெண்டு கட்சியும்.

அடுத்த விமானம் டெம்பெஸ்ட், ஜப்பான், இத்தாலியோட சேந்து 2022 டிசம்பர்ல அறிவிச்சது, 2035-ல சேவைக்கு வரணும்னு இலக்கு. இந்த மாதிரி இலக்கெல்லாம் என்ன ஆகும்னு மேல சொன்ன கதைகளைப் படிச்சா தெரியும், ஆனா 2035-ன்னே வச்சுப்போம். துருக்கி விமானங்கள் வெளிய போனதுக்கு அப்புறம் வார்ட்டன்ல அசெம்பிளி பண்றவங்க கையில என்ன இருக்கும்? ஆர்.ஏ.எஃப்.ல முதல் ட்ரான்ச், அதாவது முதல் தொகுதியா வந்த டைஃபூன்களைப் பெரும்பாலும் கழட்டியாச்சு, அந்த இடம் காலி. அதை நிரப்ப ரெண்டு டஜன் புது டைஃபூன், எடின்பரோவுல செய்யுற புது ராடாரோட, ஆர்.ஏ.எஃப்.க்கே ஆர்டர் போட்டா லைனும் நிக்காது, படைக்கும் விமானம் கிடைக்கும். யூனைட் கேக்குறதும் சொந்த விமானப்படைக்கு டைஃபூன் வாங்குங்கன்னுதான். ஆர்டர் போட்டதுல இருந்து விமானம் வெளிய வர மூணு நாலு வருஷமாவது ஆகும், துருக்கி டெலிவரியோட வால்ல இதைக் கோக்கணும்னா இந்த ஒண்ணு ரெண்டு பட்ஜெட்டுக்குள்ள கையெழுத்து ஆகணும்.